தோற்ற இடத்தில் கூடிய வாக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பது பெருநகரமும் அல்ல, கிராமமும் அல்ல, புறநகர்தான்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். அந்த வரி என்னைச் சும்மா விடவில்லை. வண்ணாரப்பேட்டையில் தொடங்கித் திருவொற்றியூர் வரை, வட சென்னை வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அந்த வரி பாதிதான் சரி. எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

நகரம், புறநகர், கிராமம் என மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் யார் பக்கம் எவ்வளவு சாய்ந்தது?
– கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

உண்மையிலேயே வாக்களித்தவர்தானா என்று வாக்காளர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்கெடுக்கும் பியூ ஆய்வு மையத்தின் எண்களை எடுத்துக்கொள்கிறேன். கிராமப்புற வாக்குகளில் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 2016இல் 59 சதவீதமும், 2020இல் 65 சதவீதமும், 2024இல் 69 சதவீதமும் கிடைத்தன. மூன்று தேர்தலிலும் ஒரே திசையில் ஏறிய ஏற்றம் இது. நடுத் தேர்தலில் அவர் தோற்றபோதும் கிராமத்தில் அவருடைய செல்வாக்கு இறங்கவில்லை. நகர்ப்புறத்தில் ஜனநாயகக் கட்சி 2016இல் 70 சதவீதத்தைத் தொட்டது. பிறகு 66, 65 என்று இறங்கியது. டிரம்போ நகரத்தில் 24இலிருந்து 33க்கு ஏறி, அங்கேயே நின்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 2016இல் இரண்டு பெரிய கட்சிகளையும் பிடிக்காமல் மூன்றாவது வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 6 சதவீதம். 2020இல் அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பெரிய கட்சிக்குத் திரும்பினார்கள். ஆகவே 24க்கும் 33க்கும் இடையே உள்ள ஒன்பது சதவீதப் புள்ளிகளையும் ‘ஜனநாயகக் கட்சியிலிருந்து பறித்தவை’ என்று எண்ணிவிடக் கூடாது.

இனிப் புறநகர். 2016இல் டிரம்ப் 47, ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் 45; அதாவது ஏறக்குறைய சரிபாதி. 2020இல் ஜனநாயகக் கட்சியின் பைடன் 54, டிரம்ப் 43. பைடனின் வெற்றி இங்கேதான் விளைந்தது. 2024இல் அந்தப் பதினொரு புள்ளி முன்னிலையின் பெரும்பகுதி கரைந்து, அதே கட்சியின் கமலா ஹாரிஸுக்குச் சிறிய முன்னிலை மட்டுமே எஞ்சியது என்கிறது பியூ. ஆனால், வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் ஊடகங்களுக்காக எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்போ, அதே 2024இல் புறநகரில் டிரம்ப் 51, கமலா 47 என்கிறது. நகை ஒன்றுதான், இரண்டு கடைத் தராசும் இரண்டு எடை காட்டுகின்றன. எதனால் என்பதற்கு அடுத்த கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் ‘புறநகர்’ என்றால் எது? எங்கள் மாதவரம் போன்றதா?
– இல்லத்தரசி, மாதவரம்

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். பால் பண்ணையும் ஏரியுமாக இருந்த மாதவரம் தனி நகராட்சியாக இருந்தது. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, திருவொற்றியூர், மணலியோடு மாதவரமும் உள்ளே வந்தது. முதல் நாள் புறநகர். மறுநாள் மாநகராட்சி வார்டு. ஒரு வீடுகூட இடம் மாறவில்லை. ஆனாலும் மக்களவைத் தேர்தலில் நீங்கள் வட சென்னைத் தொகுதியில் இல்லை; திருவள்ளூர்த் தொகுதியில்தான் வாக்களிக்கிறீர்கள். ஆக, நீங்கள் நகரமா, புறநகரா என்று என்னைக் கேட்டால், எந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

அங்கேயும் இதே சிக்கல்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, 2020 கணக்கெடுப்புக்காக வகுத்த விதிப்படி, 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் அடர்ந்திருக்கும் இடம் நகர்ப்புறம், மீதியெல்லாம் கிராமப்புறம். இந்தக் கணக்கில் ஐந்தில் நான்கு அமெரிக்கர்கள் நகர்ப்புறவாசிகள். புறநகர் என்ற பிரிவே அதில் கிடையாது. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கணிப்பும் தன் வசதிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. கோடு எங்கே விழுகிறதோ, அதற்கேற்ப வெற்றியாளரும் மாறுகிறார்.

கோடு மங்கலானதாக இருந்தாலும் அதன் வரலாறு தெளிவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. 1956இல் தொடங்கிய நெடுஞ்சாலைத் திட்டம் நகரத்துக்கு வெளியே குடியிருந்துகொண்டு காரில் வேலைக்குப் போக வழி செய்தது. வயல்களின் மீது ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. பென்சில்வேனியா மாகாணத்தின் பக்ஸ் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் உட்பிரிவு) 1950களில் எழுந்த லெவிட்டவுன் அப்படிப்பட்ட ஓர் ஊர். அதைக் கட்டியவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே வீடு விற்றார்கள். 1957இல் முதல் கறுப்பினக் குடும்பம் அங்கே குடியேறியபோது, அந்த வீட்டின் முன் இரவு இரவாகக் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. நம் ஊரில் வசதி குறைந்தவர்களை நகரத்திலிருந்து தூக்கி விளிம்பில் வைக்கிறோம். அங்கே வசதியுள்ளவர்கள் தாங்களாகவே விளிம்புக்குப் போய், வாசலைச் சாத்திக்கொண்டார்கள். அதனால்தான் அவர்களுடைய புறநகரை நம் புறநகரோடு வைத்துப் புரிந்துகொள்ள முயன்றால் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது.

அந்தக் கதவு பின்னர் திறந்தது. ஜார்ஜியா மாகாணத்தில் அட்லாண்டா நகரை ஒட்டியுள்ள குவினெட் கவுன்டியில் 1990இல் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்கள். 2020 கணக்கெடுப்பில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான்; மற்றவர்கள் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வழியினர், கொரியர்கள், இந்தியர்கள். 2012இல் அங்கே குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2016இல் ஹிலாரி வென்றார். 1976இல் ஜிம்மி கார்ட்டருக்குப் பிறகு அங்கே ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வென்றது அதுவே முதல் முறை. 2020இல் பைடனுக்கு அங்கே கிடைத்தது 58 சதவீதம். ஜார்ஜியா மாகாணம் முழுவதிலும் அவருடைய வெற்றி வித்தியாசம் 11,779 வாக்குகள்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2016இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாகாணங்களையும் கிராமத்து ஜனங்கள்தான் டிரம்புக்குக் கொடுத்தார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் படித்தேன். அது சரியா?
– ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளி, ராயபுரம்

பெருமளவு சரி, ஐயா. ஆனால் பத்திரிகைகள் சொல்லாமல் விட்ட பாதியும் ஒன்று உண்டு.

அந்த மூன்று மாகாணங்களிலும் டிரம்பின் வெற்றி வித்தியாசத்தைக் கூட்டினால் 78 ஆயிரம் வாக்குகள்கூட வராது. நாடு முழுவதும் பதிவானவையோ சுமார் 13.7 கோடி. மொத்த வாக்குகளில் ஹிலாரி ஏறத்தாழ 29 லட்சம் அதிகம் பெற்றும் தோற்றார். அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. ஒரு மாகாணத்தில் ஒரு வாக்கு முந்தினாலும், இரண்டு சிறு மாகாணங்கள் நீங்கலாக, அந்த மாகாணத்தின் தேர்வாளர்கள் அனைவரும் அந்த வேட்பாளருக்கே.

கிராமத்தின் பங்கை ஒரு சின்ன இடத்தில் காட்டுகிறேன். அயோவா மாகாணத்தில் ஹாவர்ட் கவுன்டி என்றொரு விவசாயப் பகுதி இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 9,000. 2012இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவை ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் ஆதரித்த அந்தக் கவுன்டி, நான்கே ஆண்டுகளில் டிரம்பை அதே அளவு வித்தியாசத்தில் ஆதரித்தது. கென்டக்கியின் எலியட் கவுன்டி 1869இல் உருவானது முதல் 2012 வரை ஒரு தேர்தலில்கூட ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டதில்லை. 2016இல் டிரம்புக்கு 70 சதவீதம் கொடுத்தது. மூடிய சுரங்கங்கள், வெளிநாட்டுக்குப் போன தொழிற்சாலைகள், படித்துவிட்டு ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் எனக் காரணங்கள் பல. கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர்கள் அதிகம் வாழும் இடங்கள் எல்லாமே, கிராமமானாலும் சிறு நகரமானாலும், ஒரே பக்கம் சாய்ந்தன. மிச்சிகனில் டெட்ராய்டுக்கு வெளியே கார்த் தொழிலாளர்கள் நிறைந்த மேக்கம் கவுன்டி ஒபாமாவை இருமுறை ஆதரித்துவிட்டு, 2016இல் டிரம்புக்குச் சுமார் 48 ஆயிரம் வாக்கு முன்னிலை கொடுத்தது. அது கிராமமே அல்ல, நல்ல புறநகர்.

சொல்லாமல் விட்ட பாதி இதுதான். டெட்ராய்ட் நகரம் அடங்கிய வேய்ன் கவுன்டியில், 2012இல் ஒபாமா பெற்றதைவிட 2016இல் ஹிலாரி ஏறத்தாழ 76 ஆயிரம் வாக்குகள் குறைவாகப் பெற்றார். மிச்சிகனை அவர் இழந்தது 10,704 வாக்குகளில். விஸ்கான்சினில் மில்வாக்கி கவுன்டியில் மட்டும் 43 ஆயிரம் குறைந்தது. அந்த மாகாணத்தை அவர் இழந்தது 22,748இல். மில்வாக்கியில் டிரம்பும் ராம்னியைவிடக் குறைவாகவே பெற்றார். வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அத்தனை பேர். கிராமம் வரிசையில் வந்து நின்று கொடுத்ததைப் பெருநகரம் வராமலிருந்து கொடுத்தது.

வாக்கு எண்ணிக்கையைப் பார்க்கும் கண்ணை எனக்குக் கொடுத்தவர் உங்கள் பகுதிக்காரர்தான் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2006 சட்டமன்றத் தேர்தலில், வட சென்னைத் தொகுதி ஒன்றில், வாக்கு எண்ணும் முகவராகக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மேசையில் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி எண்ணைக் காட்டுவார்கள். நாங்கள் பாகம் எண் வாரியாகத் தாளில் குறித்துக்கொள்வோம். ஒரு பாகத்துக்கு நேரே நான் ‘தோல்வி’ என்று எழுதப்போனபோது, பக்கத்தில் இருந்த முதியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அப்படி எழுதாத தம்பி. அந்த பூத்துல போன வாட்டி நூத்தி எண்பது கம்மி, இந்த வாட்டி நாப்பதுதான் கம்மி. அதைப் போடு” என்றார். அவர் கையில் முந்தைய தேர்தலின் எண்கள், நாலாய் மடித்து வியர்வையில் ஊறிய ஒரு தாளில் இருந்தன. அந்தத் தாள் இல்லாதவர்களுக்குத் தெரிவது வெற்றியும் தோல்வியும் மட்டுமே.

பெருநகரம் என்றால் ஜனநாயகக் கட்சி என்பது மாறவே மாறாதா?
– தனியார் நிறுவன ஊழியர், வியாசர்பாடி

அந்த முதியவரின் தாளை நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதிக்கு எடுத்துப் போவோம். கறுப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் உழைத்து வாழும் இடம். வாடகை வீடு, நெரிசல், சுரங்க ரயில், ஊரின் மற்ற பகுதிகள் அதைப் பற்றிக் கட்டி வைத்திருக்கும் கதைகள் என்று பார்த்தால், வியாசர்பாடிக்காரருக்கு அது அவ்வளவு அந்நியமாக இருக்காது. அங்கே டிரம்புக்குக் கிடைத்தது 2016இல் பத்துக்கும் குறைவான சதவீதம், 2020இல் 16, 2024இல் சுமார் 27. மூன்று முறையும் தோல்வி. மூன்றாவது தோல்வியில் அவருடைய பங்கு முதல் தோல்வியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கிராமத்திலும் இதே மக்களிடம் இதே நகர்வு இன்னும் வேகமாக நடந்தது. டெக்சஸில் மெக்சிகோ எல்லையில் இருக்கும் ஸ்டார் கவுன்டியில் ஏறக்குறைய அனைவரும் லத்தீன் அமெரிக்க வழியினர். 2016இல் ஹிலாரிக்கு 79 சதவீதம். 2020இல் பைடனுக்கு 52. 2024இல் டிரம்ப் 58 சதவீதத்தோடு வென்றார். 1892க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி வென்றது அப்போதுதான். ஃபுளோரிடாவில் மயாமி நகரம் அடங்கிய மயாமி-டேட் கவுன்டி ஹிலாரிக்கு ஏறத்தாழ 30 புள்ளி, பைடனுக்கு 7 புள்ளி முன்னிலை தந்துவிட்டு, 2024இல் டிரம்புக்கு 11 புள்ளி தந்தது.

ஏன்? 2022 ஜூனில் அமெரிக்காவில் விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. முட்டை, வாடகை, பெட்ரோல் ஆகியவை ஏறும்போது முதலில் மூச்சு முட்டுவது வாரச் சம்பளக்காரருக்குத்தான். எல்லையோரத்தில் எல்லைக் காவல் வேலையும் எண்ணெய் வயல் வேலையும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றுக்கு எதிராகப் பேசுவதாகத் தோன்றும் கட்சியை அவர்கள் தம்முடையதாக எப்படி நினைப்பார்கள்? ‘குடியேறிகளின் பிள்ளைகள் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சொல்பவருக்கு எப்படி வாக்களிப்பார்கள்’ என்று வியந்தவர்கள், அந்தப் பிள்ளைகள் தங்களைக் குடியேறிகளாக நினைத்துக்கொள்வதில்லை என்பதைக் கவனிக்கவில்லை. ஒரு சாதிக்காரரை, ஒரு மதத்தவரை, ஒரு பேட்டைக்காரரை ஒரு கட்சியின் சொத்தாக எழுதி வைக்கும் பழக்கம் நம் அரசியல் விமர்சகர்களுக்கு மட்டும் உரியதல்ல.

கமலா ஹாரிஸின் தாய்வழி ஊர் துளசேந்திரபுரம். இங்கே நடந்த பூஜைகளால் அங்கே வாழும் தமிழர் வாக்குகள் நகர்ந்தனவா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பூஜை திருவாரூர் மாவட்டத்தில், வாக்கு அமெரிக்காவில். இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் வர்ஜீனியாவின் லௌடன் கவுன்டி போன்ற புறநகர்களில்கூட, 2020இல் பைடனுக்குக் கிடைத்த முன்னிலையைவிட 2024இல் கமலாவுக்குக் கிடைத்தது குறைவு.

ஒரு தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்களித்தவர்களே அடுத்த தேர்தலில் மாற்றி வாக்களிக்கிறார்களா, அல்லது ஆட்களே வேறா?
– ரயில்வே ஊழியர், பெரம்பூர்

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இது. ‘புறநகர் மாறியது’ என்று எழுதும்போது, அங்கே குடியிருக்கும் ஒருவர் காலையில் எழுந்து மனம் மாறியது போன்ற தோற்றம் உண்டாகிறது. நடப்பது பெரும்பாலும் அதுவல்ல.

2020இல் பைடனுக்கு வாக்களித்தவர்களை 2024இல் பியூ பின்தொடர்ந்தபோது, அவர்களில் சுமார் 79 சதவீதத்தினர் கமலாவுக்கு வாக்களித்திருந்தார்கள். டிரம்புக்கு மாறியவர்கள் சுமார் 5 சதவீதம். வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவர்கள் சுமார் 15 சதவீதம். டிரம்பின் 2020 ஆதரவாளர்களிலோ 85 சதவீதத்தினர் அவரிடமே நின்றார்கள். வராதவர்கள் 11 சதவீதம். பைடன் பக்கத்தில் கட்சி மாறியவர்களைவிட வராமல் போனவர்கள் மும்மடங்கு. அதோடு, 2020இல் வாக்களிக்காமல் 2024இல் வந்தவர்களிடமும் டிரம்பே முந்தினார். முன்பெல்லாம் ‘நிறையப் பேர் வாக்களித்தால் ஜனநாயகக் கட்சிக்கு லாபம்’ என்பது அங்கே வேதவாக்கு; அது பொய்த்தது.

இதற்கு மேல் இடப்பெயர்வு இருக்கிறது. குவினெட்டில் 1990இல் குடியிருந்தவர்கள் எல்லோரும் மனம் மாறியதால் அந்தக் கவுன்டி மாறவில்லை. அங்கே வந்து சேர்ந்தவர்கள் வேறு ஆட்கள். கிராமத்தில் இதன் மறுபக்கம்: பட்டம் பெற்ற மகள் நகரத்துக்குப் போய்விடுகிறாள், அப்பா ஊரிலேயே இருக்கிறார். இருவரும் தங்கள் கட்சியை மாற்றிக்கொள்ளவே இல்லை. ஆனால் நகரம் மேலும் நீலமாகிறது (ஜனநாயகக் கட்சியின் நிறம்), கிராமம் மேலும் சிவப்பாகிறது (குடியரசுக் கட்சியின் நிறம்). பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் நம் பூத் முகவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ‘வீடு மாறிவிட்டார்’, ‘இறந்துவிட்டார்’, ‘புதுசு’ என்று பட்டியலின் ஓரத்தில் அவர்கள் பென்சிலால் எழுதுவதெல்லாம் இந்தக் கணக்குதான்.

2028 தேர்தல் முடிவுகளை நாங்கள் பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஆசிரியை, திருவொற்றியூர்

வாக்குப்பதிவு 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. கிழக்குக் கடற்கரை மாகாணங்கள் பலவற்றில் வாக்குப்பதிவு முடியும்போது நமக்கு 8ஆம் தேதி காலை ஆறரை மணி. பள்ளி மணி அடிப்பதற்குள் முதல் எண்கள் வரத் தொடங்கிவிடும். முதலில் வரும் எண்களைக் கண்டு ஏமாறாதீர்கள். சிறிய கிராமக் கவுன்டிகள் விரைவில் எண்ணி முடித்துவிடும், பெருநகரங்களுக்கு நேரமாகும். பென்சில்வேனியாவில் தபால் வாக்குகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்பு பிரிக்கவே கூடாது என்பதால், 2020இல் அந்த இரவு டிரம்ப் முன்னிலையில் இருந்தார். பைடன் வென்றதாக ஊடகங்கள் அறிவித்தது நவம்பர் 7, சனிக்கிழமைதான்.

கரும்பலகையில் முன்கூட்டியே ஐந்து பெயர்களை எழுதுங்கள்: குவினெட், மேக்கம், பிராங்ஸ், ஸ்டார், பக்ஸ். லெவிட்டவுன் இருக்கும் அந்த பக்ஸ் கவுன்டியில் 2016இல் ஹிலாரி ஏறத்தாழ 2,700 வாக்குகளில் வென்றார். 2020இல் பைடனின் முன்னிலை சுமார் 17 ஆயிரமாக விரிந்தது. 2024இல் டிரம்ப் சில நூறு வாக்குகளில் அதைக் கைப்பற்றினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 2016, 2020, 2024 முடிவுகளை மாணவர்களையே தேடி எழுதச் சொல்லி, நான்காவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். 8ஆம் தேதி காலை அந்தக் கட்டம் நிரம்பும்போது, வென்றவர் பெயரை எழுத யாராவது சாக்பீஸை எடுத்தால், கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கள்.